பதினேழில் எந்த ஐந்து?

"தம்பி, பேஷண்ட் டேட்டா மெயில்ல இருக்கு. இறப்புக்கு முக்கியமான வேரியபிள் எதெதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவிலோ மருந்துச் சோதனை நிறுவனத்திலோ புள்ளியியல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் மாதமே கேட்டுவிடும் வசனம் இது. காப்பீடு, தொலைத்தொடர்பு, வங்கி என்று வேறு பக்கம் போயிருந்தால் இறப்புக்குப் பதில் பாலிசி கைவிடுவது, சிம் மாற்றுவது, தவணை நிற்பது என்று இருக்கும். கணக்கு ஒன்றேதான். ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகிறது, அந்தக் காலத்தை எவை குறைக்கின்றன, எவை நீட்டுகின்றன?

புதிதாக வந்தவர் வழக்கமாக என்ன செய்வார் என்று சொல்லிவிடலாம். கோப்பைத் திறப்பார். ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாக ஓட்டுவார். பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வந்ததையெல்லாம் அள்ளி ஸ்டெப்வைஸில் போடுவார். மிஞ்சியதை ஸ்லைடில் ஏற்றுவார். அரை நாள் வேலை, மேலதிகாரிக்கும் திருப்தி. அடுத்த ஆண்டு வந்த நோயாளிகளிடம் அதே மாடலைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

மாறிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் முக்கால்வாசி, மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. மிச்சமிருக்கும் கால்வாசிக்குத்தான் லாசோ, ரேண்டம் ஃபாரஸ்ட் எல்லாம்.

முதலில் இறப்புகளை எண்ணுங்கள்

கைபழக ஓர் அருமையான கோப்பு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1974 முதல் 1984 வரை, அப்போது பிரைமரி பிலியரி சிரோசிஸ் எனப்பட்ட கல்லீரல் நோய்க்கு டி-பெனிசிலமைன் மருந்தைச் சோதித்தது. அந்தச் சோதனையில் சேர்ந்த 312 பேரின் விவரம், 'ஆர்' மென்பொருளின் சர்வைவல் தொகுப்பில் பிபிசி என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது (செய்தி நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). வயது, பாலினம், வயிற்றில் நீர், உடல் வீக்கம், பிலிருபின், ஆல்புமின், கொலஸ்ட்ரால், சிறுநீரில் தாமிரம், ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் புரோத்ராம்பின் நேரம், பயாப்ஸியில் தெரியும் நோய்நிலை என்று, கொடுத்த மருந்தையும் சேர்த்தால் 17 மாறிகள்.

312 பேரில் 125 பேர் இறந்தார்கள். 19 பேருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. மீதி 168 பேர் கடைசியாக விசாரித்தபோது உயிருடன் இருந்தார்கள். இந்த 168 பேர் எப்போது இறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது, இன்ன தேதி வரை இருந்தார்கள் என்று மட்டும் தெரியும். இதைத்தான் சென்சாரிங் என்கிறார்கள். சராசரி போட்டாலும் சாதாரண ரெக்ரஷன் ஓட்டினாலும் இந்த அரைத் தகவல் வீணாகிவிடும். அதை வீணாக்காமல் பயன்படுத்தக் கப்லானும் மையரும் 1958-ல் ஒரு வழி சொன்னார்கள். மாறிகளையும் சேர்த்துக் கணக்கிட டேவிட் காக்ஸ் 1972-ல் வழி செய்தார். இன்றும் மருத்துவ ஆய்வு அலுவலகங்களில் ஓடுவது பெரும்பாலும் காக்ஸ் மாடல்தான்.

"312 பேர் இருக்கிறார்களே, 17 மாறி தாங்காதா?" என்று கேட்பீர்கள். தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது 312 இல்லை, 125. இந்த வகைத் தரவில் தகவல் பெரும்பாலும் நிகழ்வுகளிலிருந்துதான் வருகிறது. பத்தாயிரம் வாடிக்கையாளர் இருந்து 40 பேர்தான் விலகினார்கள் என்றால் உங்கள் கையிருப்பு 40. ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து நிகழ்வு வேண்டும் என்ற பழைய விதி, 1995-ல் பெடூஸி, கொன்காடோ குழுவினர் காக்ஸ் மாடலில் செய்த சோதனைகளால் பிரபலமானது. விட்டிங்ஹாஃபும் மெக்கல்லக்கும் 2007-ல், பத்துக்குக் கீழே போனாலும் பல சமயம் குடி முழுகிவிடாது என்று காட்டினார்கள். இப்போது ரைலி குழுவினர் தந்த, இன்னும் நுணுக்கமான சூத்திரங்கள் வந்துவிட்டன. பத்து என்பது வேதவாக்கு அல்ல. ஆனாலும் கூட்டத்தில் உட்கார்ந்து மனக்கணக்காகப் பார்க்க அது போதும்.

எண்ணும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைசியில் மாடலில் நின்றவற்றை எண்ணக் கூடாது, போட்டியில் இறங்கிய அத்தனையையும் எண்ண வேண்டும். 17-ஐ ஓட்டிப் பார்த்து ஐந்தை வைத்துக்கொண்டால் செலவு 17-க்கு. அதுவும் நான்கு நிலை கொண்ட நோய்நிலையை வகைகளாகப் போட்டால் அது ஒன்றல்ல, மூன்று. ஒரு மாறியை வளைகோடாகப் பொருத்தினாலும் அப்படியே.

காலியிடங்களைப் பாருங்கள். இந்த 312 பேரில் கொலஸ்ட்ரால் 28 பேருக்கு இல்லை, ட்ரைகிளிசரைடு 30 பேருக்கு இல்லை. 17 மாறியையும் அப்படியே காக்ஸ் மாடலில் போட்டால் மென்பொருள் சத்தமில்லாமல் 36 பேரைக் கழற்றிவிட்டு 276 பேரை வைத்துக் கணக்குப் போடும். இறப்பு 111 ஆகிவிடும். கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் மேயோ குழு கடைசியில் வெளியிட்ட மாடலில் இடம்பெறவே இல்லை. இப்படி இடம்பெறாத மாறிகளுக்காக 14 இறப்புகளின் தகவல் போயிற்று.

ஆகவே முதல் வடிகட்டலை விளைவைப் பார்க்காமலே செய்யுங்கள். பாதி இடம் காலியாகக் கிடக்கும் மாறி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே விடை வரும் மாறி, ஒன்றையே இரண்டு விதமாக அளக்கும் ஜோடியில் ஒன்று: இவற்றை யார் இறந்தார்கள் என்று எட்டிப்பார்க்காமல் நீக்கினால் கையிருப்பிலிருந்து சல்லிக்காசு குறையாது. எட்டிப்பார்த்து நீக்கினால் ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. எஞ்சியதில் சிறு இடைவெளிகள் இருந்தால், ஆளை நீக்காமல் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் முறையில் நிரப்பிக்கொள்ளலாம்.

யார் கையில், எந்த நாளில்?

அடுத்து மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "இந்த மாடலை யார், எந்த இடத்தில், எந்த நாளில் பயன்படுத்தப் போகிறார்கள்?" என்பது. இதைக் கேட்காமல் இரண்டு வாரம் உழைத்து, கடைசிக் கூட்டத்தில் "இந்த டெஸ்ட் எங்க ஆஸ்பத்திரில எடுக்கறதே இல்லையேப்பா" என்று கேட்டுக்கொண்டு திரும்பும் பகுப்பாய்வாளர்கள் நிறைய.

மேயோ குழு 1989-ல் வெளியிட்ட மாடலைப் பாருங்கள். கல்லீரல் பயாப்ஸியில் தெரியும் நோய்நிலை இறப்போடு நன்றாகவே தொடர்புள்ள மாறி. கோப்பை ஸ்டெப்வைஸில் போட்டால் அது தங்கும். ஆனால் பயாப்ஸி என்றால் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும், ரத்தக்கசிவு அபாயம் உண்டு, ஒவ்வொரு முறை வரும்போதும் செய்ய முடியாது. பயாப்ஸி இல்லாமலே கணிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். வயது, பிலிருபின், ஆல்புமின், புரோத்ராம்பின் நேரம், வீக்கம் என்ற ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை, காலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது, முடிந்தது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2022-ல் தமிழ்நாடு அரசும் சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனமும் சேர்ந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தைத் தொடங்கின. நோய் உறுதியானதுமே யாரை உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை ஐந்து: உயரத்துக்கேற்ற எடை, இரு கால்களிலும் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரே இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. எடைக் கருவி, உயரம் அளக்கும் பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே அங்கேயே பார்த்துவிடலாம். பரிசோதனைக்கூடத்து மாறிகளையும் சேர்த்திருந்தால் கணிப்பு இன்னும் கொஞ்சம் கூர்மையாகியிருக்கலாம். ஆனால் ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளி ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்.

அமெரிக்காவில் கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்போரை வரிசைப்படுத்தும் மெல்ட் மதிப்பெண்ணின் கதை இன்னும் சுவாரசியம். முன்பு இருந்த முறையில் வயிற்று நீர், மூளைக் குழப்பம் இரண்டுக்கும் மருத்துவர் கண்ணால் பார்த்துத் தரம் போடுவார். தன் நோயாளி வரிசையில் முன்னே போக வேண்டும் என்று எந்த மருத்துவருக்குத்தான் ஆசை இருக்காது? 2000-ல் வந்த முதல் மெல்ட் மாடலில் பிலிருபின், கிரியேட்டினின், ஐ.என்.ஆர். ஆகிய மூன்று ஆய்வக எண்களும், நோய் எதனால் வந்தது என்ற மாறியும் இருந்தன. காரணத்தை நீக்கிப் பார்த்தார்கள், துல்லியம் பெரிதாகக் குறையவில்லை. அந்த மாறி போனது, மூன்று எண்களோடு 2002-ல் மெல்ட் நடைமுறைக்கு வந்தது. யாரும் கைவைக்க முடியாத எண்கள் என்பதும் அதன் பலம். 2016-ல் சோடியம் சேர்ந்தது.

ஆனால் ஒரு கோளாறு உள்ளேயே இருந்தது. தசை குறைவான உடலில் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். சிறுநீரகம் ஒரே அளவு கெட்டிருந்தாலும் பெண்கள் மதிப்பெண் குறைந்து வரிசையில் பின்தங்கினார்கள். 2023-ல் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0-வில் பாலினமும் ஆல்புமினும் சேர்க்கப்பட்டன. பாலினம் என்ற மாறியை விட்டுவிட்டால் எல்லோரையும் சமமாக நடத்துகிறோம் என்று தோன்றும். இங்கே நடந்தது நேர்மாறு. உங்கள் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கும்போது, அதனால் யாருடைய மதிப்பெண் தவறாகும் என்று பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதுவரை சொன்னது கணிப்புக்கான மாடலைப் பற்றி. "இந்த மருந்து வேலை செய்கிறதா?" என்பது கேள்வியானால் விதி மாறும். டி-பெனிசிலமைன் பலன் தரவில்லை, அதன் பி-வேல்யூ பெரிதாகத்தான் வரும். அதற்காக அந்த மாறியைத் தூக்கி எறிய முடியுமா? கேள்வியே அதுதானே. அங்கே மற்ற மாறிகளையும் பி-வேல்யூ பார்த்து எடுக்கக் கூடாது. சிகிச்சை யாருக்குக் கிடைத்தது என்பதையும் விளைவையும் சேர்த்துப் பாதிக்கும் மாறி எது என்று, மருத்துவரை உட்காரவைத்து, தாளில் அம்புக்குறி போட்டு முடிவு செய்ய வேண்டும். மருந்து கொடுத்த பிறகு மாறிய பிலிருபினைச் சேர்த்துவிட்டால் மருந்தின் பலனை நாமே மறைத்தவர்களாவோம். வேலை கையில் வந்ததும் கணிப்பா, காரணமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் தெரிந்ததை முன்னால் வைக்காதீர்கள்

2001-ல் வந்த ஓர் ஆய்வு, ஆஸ்கார் வாங்கிய நடிகர்கள் வாங்காதவர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாகச் சொன்னது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். சில்வெஸ்டர் குழுவினர் 2006-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். விருது வாங்க வேண்டுமானால் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். 'ஆஸ்கார் வாங்கியவர்' என்ற மாறியைப் பிறந்த நாளிலிருந்தே ஒட்டிவைத்ததால், விருதுக்கு முந்தைய ஆண்டுகள் எல்லாம் விருதின் கணக்கில் ஏறிவிட்டன. அதைச் சரிசெய்ததும் வித்தியாசம் ஓர் ஆண்டு அளவுக்குச் சுருங்கியது, அதுவும் புள்ளியியல் ரீதியாக உறுதியில்லை.

அலுவலகக் கோப்புகளில் இது தினமும் நடக்கிறது. 'சிகிச்சையை முழுதாக முடித்தவர்', 'மொத்தம் எத்தனை முறை வந்தார்', 'கணக்கை மூட அழைத்தாரா' போன்ற மாறிகள் இறக்குமதி ஆகும்போதே மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அவைதான் பட்டியலில் முதலிடமும் பிடிக்கும். ஒரு மாறி நம்ப முடியாத அளவுக்குப் பலமாக இருந்தால் மகிழாதீர்கள், தேதியைப் பாருங்கள். காலம் எண்ணத் தொடங்கும் நாளில் அந்த மதிப்பு தெரிந்திருந்ததா? இல்லையென்றால் நீக்குங்கள், அல்லது காலத்தோடு மாறும் மாறியாகப் போடுங்கள்.

மேயோ கோப்பில் மாற்று அறுவை செய்துகொண்ட 19 பேரும் இப்படி ஒரு பொறிதான். அவர்களை வெறுமனே சென்சார் செய்தால், 'அவர்களும் மற்றவர்களைப் போலத்தான்' என்று மாடல் எடுத்துக்கொள்ளும். ஆனால் அறுவைக்குப் போனவர்கள் நோய் முற்றியவர்கள். இறப்பையும் மாற்று அறுவையையும் ஒரே நிகழ்வாகச் சேர்ப்பதா, போட்டி நிகழ்வாகத் தனியே பார்ப்பதா என்பதை மருத்துவரோடு பேசி முன்பே எழுதிவையுங்கள். நிகழ்வு எது என்பது மாறினால் மாறிகளின் பட்டியலும் மாறக்கூடும்.

பிலிருபினின் வளைவு

இந்தக் கோப்பில் பிலிருபின் 0.3 முதல் 28 வரை போகிறது. அப்படியே நேர்கோடாகப் போட்டால் 1-லிருந்து 2-க்கு ஏறுவதும் 20-லிருந்து 21-க்கு ஏறுவதும் ஒரே ஆபத்து என்று மாடல் நினைக்கும். எந்தக் கல்லீரல் மருத்துவரும் சிரிப்பார். மேயோ மாடல் லாகரிதம் எடுத்துத்தான் பிலிருபினைச் சேர்த்தது. பலமான ஒரு மாறியைத் தவறான வடிவத்தில் போட்டால், அது விட்டுவைத்த மிச்சத்தை அதோடு தொடர்புள்ள வேறு மாறிகள் பொறுக்கிக்கொண்டு முக்கியமானவை போல நிற்கும். அதனால் முதலில் வடிவம், பிறகு தேர்வு. 'நார்மல், அதிகம்' என்று இரண்டாக வெட்டுவது இன்னும் மோசம், பாதித் தகவலை அங்கேயே கொட்டிவிடுகிறீர்கள். வளைகோடு பொருத்துங்கள்.

கூடவே ஒவ்வொரு மாறியின் ஆபத்து விகிதமும் காலம் முழுக்க ஒரே மாதிரி நிற்கிறதா என்றும் பாருங்கள். இதே கோப்பில் புரோத்ராம்பின் நேரத்தின் பலம் தொடக்கத்தில் அதிகம், போகப்போக மங்குகிறது.

இப்போது மென்பொருள்

ஸ்டெப்வைஸ் பற்றிச் சுருக்கமாக: வழி தெரியாமல் அதில் விழுந்தால், அது தரும் பி-வேல்யூவையும் நம்பிக்கை இடைவெளியையும் நம்பாதீர்கள். தேடிக் கண்டுபிடித்ததை, முதலிலேயே தெரிந்திருந்ததாக எண்ணிப் போடும் கணக்கு அது. சின்ன எண்ணெல்லாம் இன்னும் சின்னதாகத் தெரியும்.

லாசோ இதைவிட நாகரிகம். குணகங்களைச் சுருக்கிச் சிலவற்றைப் பூஜ்யமாக்கும். காக்ஸ் மாடலுக்கு அதை டிப்ஷிராணி 1997-ல் கொண்டுவந்தபோது, இதே மேயோ கோப்பைத்தான் உதாரணங்களில் ஒன்றாக எடுத்தார். மரபணுத் தரவு போல மாறிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் லாசோ அல்லது எலாஸ்டிக் நெட் இல்லாமல் ஆகாது. ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு மாறிகளில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடும் பழக்கம் லாசோவுக்கு உண்டு. விடப்பட்டது முக்கியமில்லாதது என்று அர்த்தமில்லை. கிராஸ் வேலிடேஷனின் ஸீடு எண்ணை மாற்றி நாலைந்து முறை ஓட்டுங்கள். சிறிய கோப்பென்றால் ஒவ்வொரு முறையும் பட்டியலின் வால்பகுதி வேறாக வரக்கூடும். ஒரே ஸீடில் ஓட்டி, அதை ரிப்போர்ட்டில் போட்டுக் கையெழுத்திடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

2008-ல் இஷ்வரன், கோகலூர் குழுவினர் தந்த ரேண்டம் சர்வைவல் ஃபாரஸ்ட், வளைவையும் கூட்டு விளைவையும் தானே கண்டுகொள்ளும். ஒரு மாறியின் மதிப்புகளைக் கலைத்துப் போட்டால் கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்பதுதான் அதன் முக்கியத்துவ அளவு. அந்தப் பட்டை வரைபடம் ஸ்லைடில் அழகாக இருக்கும். கூடினால் ஆபத்தா, குறைந்தால் ஆபத்தா என்று அதில் தெரியாது. நெருங்கிய மாறிகள் பெருமையைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டுமே கீழே இறங்கியிருக்கலாம். மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்வியும் இவையாகவே இருக்கும், தயாராகப் போங்கள்.

எந்தக் கருவியானாலும் பூட்ஸ்டிராப் செய்யாமல் பட்டியலைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். நோயாளிகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, தேர்வு முழுவதையும் ஐநூறு முறை முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாறியும் எத்தனை முறை தேறுகிறது என்று எண்ணுங்கள். சில ஏறக்குறைய எல்லா முறையும் வரும். சில பாதி முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். கூட்டத்தில் காட்ட வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். வடிகட்டிய பட்டியலை மட்டும் பூட்ஸ்டிராப்புக்குள் வைத்துவிட்டு "சரிபார்த்தாயிற்று" என்பது கண்துடைப்பு. வடிகட்டலும் உள்ளே போக வேண்டும்.

"டாப் 10 குடுங்க"

மேலதிகாரி எப்படியும் தரவரிசை கேட்பார். மறுக்காதீர்கள், வேலை போகும் விஷயம். ஃபிராங்க் ஹேரல் சொல்லும் வழியைப் பிடித்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு பூட்ஸ்டிராப் சுற்றிலும் மாறிகளுக்கு இடம் போட்டு, அந்த இடங்களுக்கே ஓர் இடைவெளி கொடுப்பது. "இது மூன்றாம் இடம், ஆனால் இரண்டு முதல் பதினொன்று வரை எங்கேயும் இருக்கலாம் சார்" என்று சொன்னால், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கோடு கிழிக்கும் ஆசை அவருக்கே குறைந்துவிடும்.

ரிப்போர்ட்டில் மறைக்கக் கூடாதவை: எத்தனை நிகழ்வு, எத்தனை மாறியோடு தொடங்கினீர்கள், எதை எப்போது ஏன் நீக்கினீர்கள், காலியிடங்களை என்ன செய்தீர்கள். கணிப்பு மாடல்களுக்கான டிரைபாட் வழிகாட்டி 2015 முதல் இவற்றைக் கேட்கிறது. நல்ல மருத்துவ இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். தேர்வுத் திட்டத்தை ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, தரவு கைக்கு வரும் முன்பே குழுவுக்கு மெயில் அனுப்பிவிட்டால், பின்னால் "அந்த மாறியையும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்களேன்" என்ற நச்சரிப்புக்கு மரியாதையாகப் பதில் சொல்லலாம்: "சேர்க்கிறேன் மேடம், திட்டத்துக்கு வெளியே செய்ததாகக் குறிப்பிட்டுவிடுகிறேன்."

வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் மேயோ கோப்பை எடுத்து இரண்டு வார இறுதிகளில் இதையெல்லாம் செய்து பார்த்துவிடலாம். 'ஆர்' தெரிந்தால் சர்வைவல், ஆர்.எம்.எஸ். தொகுப்புகள் போதும். பைத்தான் பழக்கமென்றால் லைஃப்லைன்ஸ். நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் பக்கத்தில் கணிப்புத் திறனைச் சொல்லும் சி-இண்டெக்ஸ் எண்ணைப் பெரிதாகப் போடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். 17 மாறிகளையும் ஒரு பத்தியில் எழுதி, எதிரே ஒவ்வொன்றையும் வைத்ததற்கோ விட்டதற்கோ காரணம் ஒரு வரியில் எழுதுங்கள். கேள்வி கேட்பவர் பெரும்பாலும் பயாப்ஸி வரியில் வந்து நிற்பார். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.